முகிலும் கணக்கும்

நுழையும்முன்

மலைமீது ஏறும் முகில் காண்பவர்க்கு அழகு. அதனுள் பறப்பவர்க்கோ அது கண்ணை மறைக்கும் திரை. அத்திரைக்குள் விமானியை வழிநடத்துவது கருவி. அக்கருவிக்கும் வானூர்திக்கும் அடிப்படையாக அமைவது கணக்கு. தரையிலேயே பறப்பைப் பயிற்றும் பொறியும், பறந்தபின் கிடைக்கும் அளவைகளால் கணக்கைத் திருத்தும் முறையும் வானூர்திப் பொறியியல் கல்வியில் எவ்வாறு இணைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையும் முகிலும்

கோவையை அடுத்த சூலூரில் இந்திய விமானப்படையின் தளம் உள்ளது. அங்கிருந்து குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு உலங்கு வானூர்தியில் செல்ல அரைமணி நேரமே போதும். ஆனால், அந்த அரைமணி நேரத்திற்குள் நிலம் பெரிதும் உயர்ந்துவிடுகிறது. கோவைச் சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்திலும், உதகை 2240 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. தொட்டபெட்டாவின் உச்சி 2637 மீட்டரைத் தொடுகிறது.

ஈரக்காற்று இச்சரிவுகளில் மோதி மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரிவடைவதால் குளிர்கிறது. குளிர்ந்த காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறி முகிலாகிறது. சமவெளியில் நிற்பவர் மேகம் என்று சுட்டுவதைத் தேயிலைத் தோட்டத்தில் நிற்பவர் பனிமூட்டம் என்கிறார். இரண்டும் ஒன்றே. தெளிவாக இருந்த பள்ளத்தாக்கு ஒன்று சில நிமிடங்களில் வெண்மையால் நிரம்பிவிடுவது நீலகிரியில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சியாகும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து எம்.ஐ.-17வி5 வகை உலங்கு வானூர்தி ஒன்று புறப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் அதில் பயணம் செய்தனர். நண்பகல் 12.15 மணிக்கு அது வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். ஏறத்தாழ 12.08 மணிக்குத் தரைக்கட்டுப்பாட்டுடன் அதன் தொடர்பு அறுந்தது. குன்னூர் காட்டேரிக்கு அருகிலுள்ள நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்து எரிந்தது. ஊர்மக்கள் போர்வைகளுடன் ஓடிவந்து உதவினர். ஆயினும், பதின்மூவர் அன்றே உயிரிழந்தனர். பதினான்காமவர் ஒரு வாரத்திற்குப் பின் இறந்தார்.

முப்படை விசாரணைக் குழு, வானூர்தியின் பறப்புத் தரவுப் பதிவியையும் விமானியறை ஒலிப்பதிவியையும் ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெளியிடப்பட்டன. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ கவனக்குறைவோ காரணம் அன்று என அக்குழு கூறியது. பள்ளத்தாக்கில் எதிர்பாராது மாறிய வானிலையால் வானூர்தி முகிலுக்குள் நுழைந்தது. அதனால் விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டது. கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே வானூர்தி நிலத்தில் மோதியது. இதுவே குழுவின் கண்டறிதல்.

நன்றாக இயங்கும் பொறி, தேர்ந்த விமானி, சில நிமிடப் பயணம். இவற்றுக்கிடையே முகில் ஒன்று புகுந்தால் நிகழ்வது என்ன? இவ்வினாவிற்கான விடை மனித உடலிலிருந்து தொடங்குகிறது.

உடல் கூறும் பொய்

மனிதன் தன் சமநிலையைக் கண், தசை, உட்செவி ஆகிய மூன்றின் துணையால் உணர்கிறான். உட்செவியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது கால்வாய் உடனே திரும்புகிறது. அதனுள் இருக்கும் பாய்மம் சற்றுப் பின்தங்குகிறது. இந்த வேறுபாட்டையே மூளை திருப்பமாக உணர்கிறது. ஆனால், ஒரே சீரான திருப்பம் பத்து, இருபது நொடிகள் நீடித்தால் பாய்மமும் கால்வாயின் வேகத்தை எட்டிவிடுகிறது. அப்போது திரும்பும் உணர்வு மறைந்துபோகிறது. வானூர்தி சாய்ந்து வளைந்து சென்றுகொண்டிருக்க, விமானியின் உடலோ நேராகச் செல்வதாகக் கூறுகிறது. அவர் திருப்பத்தை நிறுத்தினால், எதிர்ப்பக்கம் திரும்புவதாக உடல் மீண்டும் பொய் கூறுகிறது.

தெளிந்த வானில் கண் இப்பொய்யைத் திருத்திவிடும். முகிலுக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. அங்கே விமானி, தன் உடல் கூறுவதை ஒதுக்கிவிட்டுக் கருவிகள் கூறுவதை நம்ப வேண்டும். இந்நம்பிக்கை அறிவுரையால் மட்டும் வருவதன்று. பலமுறை பழகிப் பெற வேண்டியது. உண்மையான முகிலுக்குள் அதைப் பழகுவதோ உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது.

இச்சிக்கலுக்கு ஒரு வழியைக் கண்டவர் அமெரிக்கரான எட்வின் லிங்க். அவருடைய தந்தை இசைப்பேழைகள் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தார். காற்றுத் துருத்திகளால் இசைக்கருவியை இயக்கும் நுட்பத்தை அறிந்திருந்த லிங்க், அதே துருத்திகளால் சிறு வானூர்தி வடிவப் பெட்டி ஒன்றை 1929ஆம் ஆண்டில் சாயவும் திரும்பவும் செய்தார். மூடிய பெட்டிக்குள் அமர்ந்தவர் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகலாம். தொடக்கத்தில் இது பெரும்பாலும் கேளிக்கைப் பொருளாகவே கருதப்பட்டது. 1934ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றபோது, கடும் வானிலையில் விமானிகள் பலர் சில வாரங்களிலேயே உயிரிழந்தனர். அதன் பின்னரே அப்படை லிங்கின் பொறிகளுள் ஆறனை வாங்கியது. இன்றைய பறப்புப் பாவனைப் பொறிகளின் வரலாறு இவ்வாறு முகிலிலிருந்தே தொடங்கியது எனலாம்.

பொறிக்குள் இருக்கும் கணக்கு

லிங்கின் பெட்டியைத் துருத்திகள் இயக்கின. இன்றைய சிமுலேட்டர்களைக் கணினி இயக்குகிறது. அதன் திரையில் தெரியும் மலையும் ஓடுபாதையும் புறத்தோற்றமே. உள்ளே இருப்பது வானூர்தியின் கணித மாதிரி. எடை, இயந்திரத்தின் உந்துவிசை, இறக்கையின் ஏற்றுவிசை, காற்றின் தடைவிசை ஆகியவற்றைக் கணக்கிட்டு, நியூட்டனின் இரண்டாம் விதியால் முடுக்கத்தைக் கண்டு, அடுத்த கணத்தில் வானூர்தி எங்கே எந்நிலையில் இருக்கும் என்று கணினி சொல்கிறது. ஒரு நொடிக்குள் இக்கணக்கு பல பத்து முறை நிகழ்கிறது.

இக்கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை நீலகிரியின் உயரமே காட்டும். ஏற்றுவிசை, காற்றின் அடர்த்திக்கும் வேகத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ 80 விழுக்காடே. எனவே, அதே எடையைத் தாங்க வேகத்தின் இருமடி 1.25 மடங்காக வேண்டும். அதாவது வேகம் ஏறத்தாழ 12 விழுக்காடு கூட வேண்டும். கடல்மட்டத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மேலெழும் சிறு வானூர்திக்கு அவ்வுயரத்தில் ஏறத்தாழ 112 கிலோமீட்டர் வேகம் தேவைப்படும். அடர்த்தியை மாற்ற மறந்த சிமுலேட்டர், மலையில் பறக்கவேண்டிய மாணவருக்குச் சமவெளியின் பாடத்தையே கற்பிக்கும்.

அடர்த்தியை எளிதில் அளந்துவிடலாம். ஆனால், இறக்கையின் வடிவத்தையும் வாலின் இயல்பையும் குறிக்கும் குணகங்கள் பல உள்ளன. தாக்குகோணம் ஒரு பாகை கூடினால் ஏற்றுவிசை எவ்வளவு கூடும்? மூக்குப்பகுதி உயர்ந்தால் வால் அதை எவ்வளவு வலுவுடன் மீண்டும் தாழ்த்தும்? இவ்வினாக்களுக்கான எண்களைத் தொடக்கத்தில் கோட்பாட்டிலிருந்தும், காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரியை வைத்துச் செய்யும் சோதனையிலிருந்தும் பெறுகின்றனர். எனினும், சுரங்கத்தில் வைத்த சிறு மாதிரியும் வானில் பறக்கும் முழு வானூர்தியும் முற்றிலும் ஒன்றல்ல. சிமுலேட்டர் தானாக எதையும் அறியாது. கொடுத்த எண் பிழையாயின், அப்பிழையையே அது உண்மைபோலக் காட்டும்.

தட்டிப் பார்த்து அறிதல்

பலாப்பழத்தை அறுக்காமலே அது பழுத்துவிட்டதா என்பதை விரலால் தட்டி அறிவர். புதுப்பானை வாங்குவோர் அதைத் தட்டி, எழும் ஓசையால் விரிசல் உண்டா இல்லையா எனத் தெளிவர். தட்டுதல் உள்ளீடு, ஓசை வெளியீடு, இரண்டையும் ஒப்பிட்டு உள்ளிருப்பதை அறிவது ஊகம். இவ்வூகத்தை அளவையாலும் கணிதத்தாலும் செம்மைப்படுத்தினால் அது ‘அமைப்பு இனங்காணல்’ என்னும் துறையாகிறது. சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன் என்று பொறியியலார் வழங்குவது இதனையே.

மேல்நிலை மாணவர் இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசலின் நீளத்தையும் அலைவுக் காலத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் அசைவிலிருந்து பெறும் இச்செயலும் அமைப்பு இனங்காணலின் எளிய வடிவமே. 1801ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட சீரிஸ் என்னும் சிறுகோள் சில வாரங்களில் பார்வையிலிருந்து மறைந்தபோது, கிடைத்த சில அளவைகளைக் கொண்டே அதன் பாதையைக் காஸ் என்னும் கணித அறிஞர் கணக்கிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே அது மீண்டும் காணப்பட்டது. அளவைகளுக்கும் கணிப்புக்கும் இடையிலான வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூடுதலை மிகச் சிறிதாக்கும் மீச்சிறு வர்க்க முறை அக்காலத்தில் உருவானது. வானூர்தியின் குணகங்களைக் காண இன்றும் அதுவே அடிப்படை.

வானூர்தியைத் தட்டுவது எவ்வாறு? சீராகப் பறக்கும்போது விமானி கட்டுப்பாட்டுத் தண்டைச் சிறிது இழுத்து, உடனே அதே அளவு முன்னே தள்ளி, நடுநிலைக்குக் கொண்டுவருகிறார். வானூர்தி தலையசைத்து அடங்குகிறது. அவ்வசைவு எவ்வளவு விரைவானது, எத்தனை அசைவுகளில் அடங்குகிறது என்பவற்றைக் கருவிகள் பதிவு செய்கின்றன. மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று என்னும் கால விகிதத்தில் தண்டை மாற்றி மாற்றி அசைக்கும் முறையும் உண்டு. ஒரே அசைவு ஒரு வகை அதிர்வை மட்டும் எழுப்பும். பலவகைக் கால அளவுள்ள அசைவுகள் வானூர்தியின் பலவகை இயல்புகளை வெளிப்படுத்தும்.

மெதுவாக நிகழும் அலைவு ஒன்றும் வானூர்திக்கு உண்டு. அதன் மூக்கைச் சற்று உயர்த்தித் தண்டை விட்டுவிட்டால் அது மேலேறி வேகத்தை இழக்கும், பின் கீழிறங்கி வேகத்தைப் பெறும், மீண்டும் ஏறும். 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த லான்செஸ்டர் இதற்கு ‘ஃபுகாய்டு’ எனப் பெயரிட்டார். பறத்தல் என்னும் பொருளில் அவர் தேர்ந்த கிரேக்கச் சொல், உண்மையில் தப்பியோடுதலைக் குறிப்பது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய எளிய கோட்பாட்டின்படி, நொடிக்கு எத்தனை மீட்டர் வேகமோ அதனை 0.45ஆல் பெருக்கினால் ஓர் அலைவுக்கான காலம் நொடிக்கணக்கில் கிடைக்கும். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்லும் வானூர்திக்கு அது 22.5 நொடி. கைக்கடிகாரத்தாலேயே இதை அளந்துவிடலாம்.

வானமே வகுப்பறை

கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்திலேயே ஓர் ஓடுபாதையும் பறப்பு ஆய்வகமும் உள்ளன. வானூர்திப் பொறியியல் மாணவர்கள் அங்குச் சிறு வானூர்தியில் ஏறிப் பறந்து, வேகம், உயரம், அசைவு முதலியவற்றைத் தாமே குறித்துக்கொள்கின்றனர். வேதியியல் மாணவருக்கு ஆய்வுக்குழாய் எப்படியோ, அப்படி இவர்களுக்கு வானூர்தி. தேசிய வானூர்தி ஆய்வகம் பெங்களூருவில் உருவாக்கிய இருவர் அமரும் ஹன்சா-3 வானூர்தியின் பறப்புத் தரவுகளைக் கொண்டும் அங்கே குணகங்களைக் காணும் ஆய்வுகள் நடந்துள்ளன.

இத்தகைய கல்வி மூன்று படிகளில் அமைகிறது. முதலில் மாணவர் சிமுலேட்டரில் பறந்து, ஓர் அசைவுக்கு வானூர்தி எவ்வாறு எதிர்வினை புரியும் எனக் கணித்து எழுதுகிறார். அடுத்து அதே அசைவை வானில் செய்து அளக்கிறார். பின்னர்க் கணிப்பையும் அளவையையும் ஒரே வரைபடத்தில் வரைகிறார். இரு கோடுகளும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பாடம் தொடங்குவது அங்கேதான். 22.5 நொடி என்று கணித்தது வானில் 25 நொடியாக அமைந்தால், காரணம் என்ன? லான்செஸ்டரின் எளிய கோட்பாடு விட்டுவிட்ட தடைவிசையா, அளக்கும் கருவியின் பிழையா, அந்நேரத்தில் வீசிய காற்றா? ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, குணகத்தைத் திருத்தி, மீண்டும் சிமுலேட்டரை இயக்கிப் பார்க்க வேண்டும்.

இங்கே மாணவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, காரணங்களைப் பிரித்தறிதல். பாலும் சர்க்கரையும் எப்போதும் ஒரே விகிதத்தில் கூட்டியும் குறைத்தும் தேநீர் தயாரித்தால், சுவை மாறியதற்குக் காரணம் பாலா, சர்க்கரையா என்று கூற இயலாது. ஒன்றை மாற்றாமல் மற்றொன்றை மட்டும் மாற்றினால்தான் விடை கிடைக்கும். வானூர்தியிலும் இரண்டு இயல்புகள் எப்போதும் சேர்ந்தே மாறினால், அவற்றின் கூட்டு விளைவை மட்டுமே அளக்க முடியும். எனவே, நல்ல சோதனையை வடிவமைப்பது நல்ல கணக்கைப் போலவே இன்றியமையாதது.

மற்றொன்று, திருத்திய மாதிரியைத் தேர்வுக்கு உட்படுத்துதல். எந்தப் பறப்பின் அளவைகளைக் கொண்டு குணகங்கள் பெறப்பட்டனவோ, அதே பறப்போடு ஒப்பிட்டுப் பொருந்துகிறது என மகிழ்வது, வினாத்தாளை முன்பே பார்த்துவிட்டு மதிப்பெண் பெறுவதற்கு ஒப்பாகும். மாதிரி இதுவரை காணாத வேறொரு பறப்பையும் சரியாகக் கணிக்க வேண்டும். அப்போதே அது நம்பத்தக்கது.

சூலூரில் ஒரு சான்று

இக்கல்வியின் பயனை நீலகிரியின் அடிவாரத்திலேயே காணலாம். இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட தேஜஸ் போர் வானூர்தியின் படையணிகள் 2020ஆம் ஆண்டில் சூலூரில் நிலைகொண்டிருந்தன. விரைந்து திரும்பும் பொருட்டு, தேஜஸ் இயல்பிலேயே நிலைப்பற்றதாக வடிவமைக்கப்பட்டது. விரல்நுனியில் செங்குத்தாக நிறுத்திய கோலைப்போல, அதனைக் கணந்தோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மனிதக் கைக்கு அவ்வேகம் இல்லை. எனவே, கணினியே அப்பணியைச் செய்கிறது. அக்கணினிக்கு உரிய கட்டுப்பாட்டு விதிகளை வகுக்கத் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1992ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டது.

அதுவரை பறந்திராத வானூர்தி அது. முதற்பறப்பிலேயே கணக்கு சரியாக இருந்தாக வேண்டும். ஆகவே, தரையிலுள்ள சிமுலேட்டர்களில் விதிகள் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டன. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில், வேறொரு வானூர்தியைப்போல நடந்துகொள்ளும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட எஃப்-16 வானூர்தி ஒன்றில் அவ்விதிகள் வானிலேயே சோதிக்கப்பட்டன. பறக்கும் சிமுலேட்டர் என்று அதனைக் கூறலாம். 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் பெங்களூருவில் முதல் வானூர்தியை மேலெழுப்பிப் பத்திரமாகத் தரையிறக்கினார். அதன்பின் ஒவ்வொரு சோதனைப் பறப்பும் புதிய அளவைகளைத் தந்தது.

2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் தேஜஸ் ஒன்றைச் சோதனைக்காக ஓட்டிச் சென்றார் வருண் சிங். மிகுந்த உயரத்தில் விமானியறையின் காற்றழுத்த அமைப்பு பழுதுற்றது. கீழே இறங்கும்போது பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பும் செயலிழந்து, வானூர்தி மூர்க்கமாக மேலும் கீழும் துள்ளியது. அவர் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் கட்டுப்பாடு மீண்டும் இழக்கப்பட்டது. வானூர்தியைக் கைவிட்டு வெளியே குதிக்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் அதைச் செய்யாமல், வானூர்தியை மீட்டுத் தரையிறக்கினார். இச்செயலுக்காக அவருக்குச் சௌர்ய சக்ரா விருது வழங்கப்பட்டது. விருதுரை, அவருடைய வீரத்தோடு மற்றொன்றையும் போற்றியது: வானூர்தி முழுமையாகத் திரும்பியதால், பழுதைத் துல்லியமாக ஆராய்ந்து அது மீண்டும் நேராதவாறு தடுக்க முடிந்தது. எரிந்துபோன வானூர்தி ஊகங்களையே தந்திருக்கும். திரும்பி வந்த வானூர்தி அளவைகளைத் தந்தது.

குரூப் கேப்டன் வருண் சிங் பின்னர் வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரியில் பணியாற்றினார். 2021 டிசம்பர் 8ஆம் நாள் குன்னூர் விபத்தில் உயிருடன் மீட்கப்பட்டு, டிசம்பர் 15ஆம் நாள் இறந்த பதினான்காமவர் அவரே.

கணக்கின் எல்லை

எந்த மாதிரியும் உண்மை முழுவதையும் கொண்டதன்று. நன்கு அளந்த வேகங்களுக்கும் உயரங்களுக்கும் உள்ளே அது நம்பத்தக்கது. அவற்றுக்கு அப்பால் அது ஊகமே. பள்ளத்தாக்கில் அடுத்த பத்து நிமிடத்தில் எழப்போகும் முகிலை வானூர்தியின் கணித மாதிரி அறியாது. சிமுலேட்டரில் தேர்ச்சி பெற்றவர் மலையை வென்றவர் ஆகார். தன் கணக்கு எதுவரை செல்லும் என்பதை அறிவதும் பொறியாளரின் கல்வியே.

முகிலுக்குள் நுழைந்த விமானி, தன் உடல் சொல்வதைவிடக் கருவி சொல்வதை நம்பப் பழகுகிறார். ஆய்வகத்தில் அமர்ந்த மாணவர், தன் கணிப்பைவிட வானிலிருந்து வந்த அளவையை நம்பப் பழகுகிறார். இருவரும் கற்பது ஒரே பாடம்: உறுதியாகத் தோன்றுவதும் உண்மையாக இருப்பதும் எப்போதும் ஒன்றல்ல. அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறைக்காமல் அளந்து, எழுதி, திருத்துவோரின் உழைப்பே அடுத்துப் பறப்பவரின் பாதுகாப்பாகிறது.

கற்பவை கற்றபின்

1. நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கான நேரத்தை மூன்று முறை அளக்க. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, நூலில் உள்ள மதிப்போடு ஏற்படும் வேறுபாட்டிற்கான காரணங்களைப் பட்டியலிடுக.

2. தட்டியும் முகர்ந்தும் தொட்டும் பொருள்களின் உள்ளியல்பை அறியும் வழக்கங்கள் உங்கள் ஊரில் எவையெவை? உழவர், குயவர், கொத்தனார் ஆகியோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றிலும் உள்ளீடு எது, வெளியீடு எது எனக் குறிப்பிடுக.

3. ‘கணிப்பு தவறுவது தோல்வி அன்று, அதை மறைப்பதே தோல்வி’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.